பொன்னம்மா சொன்ன ஒரு வாக்கியம்

மகனே,

நான் அந்த அதிகாரியின் காலில் விழவில்லை. கீழே விழுந்த என் மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் நம் காஜா பேராங் பகுதியில் அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. “கான்வெண்ட்டம்மா துவான் காலைப் புடிச்சு அழுதுச்சாம்” என்று பாசாரில் மீன் விற்கிறவர் வரைக்கும் பேசியாகிவிட்டது. நான் அழவும் இல்லை. அந்த அறையில் இருந்தவர்கள் அதிகாரியும் அவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுக்கும் கிராணியும் பொன்னம்மாவும் நானும்தான். கதையை வெளியே கொண்டுவந்தது யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. என் முதுகு வளைந்ததை ஒருவர் பார்த்தார், அதற்குத் தனக்குத் தெரிந்த பொருளைக் கொடுத்துக்கொண்டார். அப்படிச் செய்தவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீயும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டாய் என்பது தெரியும். உன் மாமனாரிடம் நீ சொன்ன பதில், அவர் போய் உட்காரும் ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடை வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. “அம்மாவுக்கு வயசாயிடுச்சு, நிதானம் இல்ல, பெருசா எடுத்துக்காதீங்க” என்றாயாம். என்னைப் பற்றிய பதில் நாலு கடை ஏறி இறங்கிய பிறகு, நான் உனக்கு எழுதுவதை மட்டும் எதற்காக உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும்? இதன் பிரதி ஒன்றைத் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் நீ வேலை பார்க்கும் ஊரும் இதில் இருக்காது. நிதானம் இல்லாதவள் எழுதியதா என்று படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இதற்கு மேல் கோபமாக எழுதினால் நீ படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் காகிதம் கூப்பிடுகிறது. ஒரு மாதமாக இப்படித்தான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பாய்.

பொன்னம்மாவை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு நீ தின்றது அவள் கூடையில் வந்த இடியாப்பம். அவள் மகன் ஆறுமுகம் உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். பிறகு நீ நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாகப் போனாய், அவன் குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டுகிறவர்களைச் சேர்த்துச் சங்கம் நடத்தப் போனான். ஒரு காலையில் போலீஸ் மாத்தாக்காரர்கள் வந்து அவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்யூனிஸ்ட்டுகளை அடக்க வந்த அவசரகாலச் சட்டம் என்றார்கள். குற்றம் இன்னது என்று வாசிக்கவில்லை, நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. இது மூன்றாவது வருடம். நடுவில் சுதந்திரம் வந்தது. பாடாங் திடலில் கூடி எல்லாரும் மெர்டேக்கா என்று கத்தினோம், நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவன் இருக்கும் முகாமின் கம்பிவேலி மட்டும் அப்படியே நிற்கிறது.

அவனைக் கொண்டுபோன மறுமாதம் பொன்னம்மா என்னிடம் வந்தாள். இந்தத் தெருவில் ஆங்கிலத்தில் ஒரு மனு வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். என் எழுத்தில் ஓர் அடித்தல் இருக்காது, ஒரு மைச்சொட்டு இருக்காது. அதில் எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியும், நீதான் அதில் அதிகம் அடிபட்டவன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்: ஒரே பிள்ளை, குடிக்கமாட்டான், யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துவானே எதிரில் இருப்பது போல என் மேசையைப் பார்த்துச் சொன்னாள்: “எம்புள்ள தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா, பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கணும்.”

எந்தத் தமிழ்த் தாயும் எந்தப் பெரியவர் முன்னாலும் விடைபெறும்போது சொல்லும் வார்த்தை அது. நான் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். கான்வெண்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த கன்னியாஸ்திரி, கடிதம் முடிகிற இடத்தில் அதன் முழங்கால் மடங்க வேண்டும் என்பார். நான் நன்றாகவே மடக்கினேன். ‘தெரிஞ்சோ தெரியாமலோ’ என்பது ஆங்கிலத்தில் தொளதொளவென்று இருந்தது, எடுத்துவிட்டேன். ‘ஏதாச்சும்’ வேண்டாம் என்று தோன்றியது. ‘செஞ்சிருந்தா’ என்பதன் ‘இருந்தா’ வாக்கியத்தின் நடையைக் கெடுத்தது, அதையும் எடுத்தேன். கடைசியில் நின்றது இது: தன் மகன் செய்த குற்றத்துக்கு மன்னிப்பு அருளும்படி இந்தத் தாய் பணிந்து இறைஞ்சுகிறாள். ஆங்கிலத்தில் அது மிக அழகான வாக்கியம். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். பொன்னம்மாவுக்குப் புரியவில்லை என்றாலும் “நல்லா இருக்குங்கம்மா” என்றாள். கட்டை விரலை மையில் தோய்த்து அதன் கீழே வைத்தாள்.

காவலில் இருப்பவர்களின் வழக்கைப் பார்க்கும் மறுபரிசீலனைக் குழு கூடும்போதெல்லாம், அவனுக்கு விடுதலை இல்லை என்ற ஒரே முடிவுதான் வந்தது. காரணம் சொல்லமாட்டார்கள். இந்த வருடம் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் ஆங்கிலத்தைக் கேட்டால் அதிகாரி நாற்காலி போடுவார் என்ற நினைப்பு. போடத்தான் செய்தார். வெள்ளைக்காரர், சுதந்திரத்துக்குப் பிறகும் இடம் மாறாமல் இருப்பவர், மரியாதை தெரிந்தவர். கோப்பைத் திறந்து மேலாக இருந்த காகிதத்தை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து. “அம்மா, அவனுடைய தாயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறாள். நல்ல ஆங்கிலம். ஐயத்துக்கு இடம் வைக்காத ஆங்கிலம்” என்றார்.

அப்போதுதான் கண்ணாடி விழுந்தது. குனிந்தேன். குனிந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பொன்னம்மா என் தோளைத் தொட்டு, “என்னாங்கம்மா சொல்றாரு துவான்?” என்று கேட்டாள். “மறுபடி பாக்குறேன்னு சொல்றாரு” என்றேன். அது அவளுக்கு நான் செய்துகொடுத்த இரண்டாவது பொய் மொழிபெயர்ப்பு.

அன்று மாலை அடுத்த வீட்டு லெட்சுமி வந்தாள். உனக்கு நினைவிருக்கும், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டி வீட்டுப் பெண், சாமி பெயர்களைத் தவிர வாயில் தமிழ் வராது, விபூதி பூசாமல் வெளியே இறங்கமாட்டாள். நான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே பொறு என்று நிறுத்தி, “நந்தி டூலு. பொன்னம்மா கேட்டது மாஆப்பா, அம்புனா?” என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் சலித்துக்கொண்டாள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு ‘மாஆப் ஸாஹிர் பாத்தின்’ என்கிறார்களே, அவர்கள் எந்தக் குற்றத்தைச் செய்துவிட்டுச் சொல்கிறார்கள்? அது மாஆப். அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ளும் மன்னிப்பு. அம்புன் என்பது ராஜாவின் முன்னால் மண்டியிட்டு, தலை போகிற குற்றம் செய்தவன் கேட்பது. “அவ மாஆப் கேட்டா. நீ அம்புன் எழுதிட்ட. படிச்சவ!” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். இரண்டு மொழியில் பரிசு வாங்கிய எனக்கு அந்த வித்தியாசம் அவள் சொல்லித்தான் உறைத்தது.

மறுநாள் பொன்னம்மாவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். “அப்ப எம்புள்ளைய உள்ள வச்சிருக்கிறது உங்க எழுத்தாம்மா?” என்றாள். எனக்கு எத்தனையோ பதில் தெரியும். சட்டம் வைத்திருக்கிறது, அரசாங்கம் வைத்திருக்கிறது, என் காகிதம் இல்லாவிட்டாலும் வைத்திருப்பார்கள் என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். “ஆமா” என்றுதான் சொன்னேன். நாலு நாள் என் வாசலில் இடியாப்பம் வரவில்லை. ஐந்தாம் நாள் கூடையோடு வந்து நின்றாள். “நீங்க எழுதுனத நீங்கதான் அழிக்கணும். நான் வேற யாருகிட்ட போவேன்?” என்றாள்.

அதிகாரியிடம் திரும்பவும் போனேன். மனு எழுதியவரே வந்து பொருளை மாற்றிச் சொன்னால் அதைக் குழு ஏற்காது என்றார். பதிவு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்தத் தமிழ் வாக்கியத்தின் பொருளை எழுதிக் கையெழுத்திட்டால் கோப்பில் சேர்க்கலாம் என்றார். இந்த ஊர் மொழிபெயர்ப்பாளரிடம் போனேன். நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். “அம்மா, ஒங்க மகனே இதே வேலையிலதான இருக்காரு? அவரு போடட்டும், அடுத்த நிமிசம் நானும் போடுறேன். பெத்த பிள்ளையே போடாத கையெழுத்த நான் போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

இதோடு நின்றிருந்தால் ஊரும் பேசாமல் இருந்திருக்கும். ஆனால் என் மேசை இழுப்பறையில் வேறு மனுக்களின் நகல்களும் இருந்தன. இந்த வட்டாரத்தில் பிள்ளையையோ புருஷனையோ உள்ளே வைத்திருக்கும் வேறு ஆறு குடும்பங்களுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். ஆறிலும் அதே முழங்கால். அன்றிலிருந்துதான் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் ஒவ்வொரு வீடாகப் போனேன். இப்போது எழுதியிருக்கும் விண்ணப்பம் மூன்றே வரி. குற்றம் என்ன என்று சொல்லுங்கள். நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் விடுதலை செய்யுங்கள். கன்னியாஸ்திரி பார்த்தால் முடிவு சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பார். ஏழு குடும்பமும் கையெழுத்துப் போட்டபின் ஊராரின் கையெழுத்துக்குச் செமாபோக் வரைக்கும் போய் வந்தோம். நாய் விரட்டியது, மழை விரட்டியது, ஒரு பெரிய மனிதர் ஜன்னல் வழியாகவே விரட்டினார்.

ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையில் என்ன நடந்தது என்று உன் மாமனார் தன் கணக்கில் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான். முதலாளி என்னைப் பார்த்ததும், “வாங்க வாங்க, கம்யூனிஸ்ட்டு அம்மா! சேலையா, கையெழுத்தா?” என்றார்.

“கையெழுத்து. சேலை என்கிட்ட இருக்கு.”

“போட்டா நாளைக்கு மாத்தாக்காரன் கடை வாசல்ல நிப்பான். அப்புறம் நீங்க வந்து யாவாரம் பாப்பீங்களா?”

“பாப்பேன். ஒங்கள மாதிரி கஜத்துக்கு ரெண்டு விரல் குறைக்கமாட்டேன்.”

கடையே சிரித்தது, அவரும் சிரித்தார். கையெழுத்துப் போடவில்லை. மூலையில் தையல் மிஷின் முன்னால் இருந்த தையற்காரர் எழுந்து வந்தார். நூலை வாயிலிருந்து எடுத்தார், கையெழுத்தைப் போட்டார், திரும்பிப் போய் உட்கார்ந்தார். அந்தக் கையெழுத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

போன மாதம் நீ வந்தபோது இதையெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். நீ செருப்பைக் கழற்றும் முன்பே, “எங்க மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒங்க பேரச் சொல்லிக் கேட்டாரும்மா. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. என்னை வேலைய விடச் சொல்றீங்களா?” என்றாய். அந்தப் பயம் பொய்யானது என்று நான் நினைக்கவில்லை. அப்பா இல்லாமல் படித்து மேலே வந்தவன் நீ, நாற்காலி போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நான் வாக்கியத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நீ குறுக்கே பேசினாய்: “சின்ன வயசுலேருந்து என் தப்புக்கெல்லாம் சிவப்புல கோடு போட்டீங்க. இப்ப ஒங்க தப்பத் திருத்த நான் வேணுமா?” அதற்கு நான் சொன்ன பதில், குரலை உயர்த்தாதே என்பது. நீ உயர்த்தவே இல்லை. நான்தான் உயர்த்தினேன்.

அந்தச் சிவப்புப் பென்சிலைப் பற்றி எழுத வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது. உன் அப்பா இறந்த வருடம் நீ சிங்கப்பூரில் விடுதியில் இருந்தாய். காரியம் முடிந்து போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாய். அப்பாவை ‘டூ மச்’ நினைக்கிறேன் என்று அதில் ஒரு வரி. நான் அந்த ‘டூ மச்’சை அடித்து மேலே ‘வெரி மச்’ என்று எழுதினேன். ‘டூ மச்’ என்றால் அளவுக்கு மீறி என்று பொருள், இந்த இடத்தில் தவறு என்று ஓரத்தில் குறிப்பும் எழுதி, உன் கடிதத்தை உனக்கே திருப்பி அனுப்பினேன். கூட ஒரு வரி ஆறுதலாக வைத்தேனா என்றால், இல்லை. அதன் பிறகு உன் கடிதங்களில் பிழை இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. நலம், நலமறிய அவா, பணம் அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருடமும் அதை உன் ஒழுங்கு என்று பிறரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அளவுக்கு மீறித்தான் நீ நினைத்தாய், சரியான சொல்லைத்தான் எழுதினாய். பொன்னம்மாவின் ‘இருந்தா’வை எடுத்தவள், அதற்கு வெகுகாலம் முன்பே உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துப் பழகியிருக்கிறேன்.

உனக்கு இந்த வயதில் புத்தி சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும், அதுவும் உன் தொழிலைப் பற்றியது. உன் முன்னால் கூண்டில் நிற்கிறவர் திணறித் திணறிப் பேசினால், அந்தத் திணறலையும் சேர்த்தே மொழிபெயர்த்துக் கொடு. நமக்கு அசிங்கமாகத் தெரிகிற சொல்லில்தான் சில சமயம் அவருடைய உயிர் இருக்கிறது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். உன் கல்யாணத்தன்று காலை, மண்டபத்துக்குக் கிளம்புமுன் என் காலில் விழுந்து எழுந்தாய். “தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்கம்மா” என்றாய். நான்தான் எதையும் சும்மா விடமாட்டேனே. “என்ன தப்பு செஞ்ச, சொல்லு” என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். “ஒண்ணும் செய்யலம்மா. இது அப்படித்தான் சொல்றது” என்றாய். பக்கத்தில் இடியாப்பத் தட்டோடு நின்ற பொன்னம்மாவும், உனக்கு மாலை எடுத்துக் கொடுத்த ஆறுமுகமும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று அன்றைக்கே நீ சரியாக மொழிபெயர்த்துவிட்டாய். அதற்குமேல் ஒரு வார்த்தையும் நான் உன்னிடம் கேட்கவில்லை. அவன் நல்லவன் என்று நீ எழுத வேண்டாம். அரசாங்கம் தவறு செய்தது என்று எழுத வேண்டாம். என் விண்ணப்பத்தில் உன் பெயர் வேண்டாம்.

இதோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். மேலே பொன்னம்மா சொன்ன வாக்கியத்தை அவள் சொன்னபடியே, ஒரு சொல்லையும் தொடாமல், எழுதியிருக்கிறேன். அதன் பொருளை எழுதிக் கையெழுத்துப் போடக் கீழே இடம் விட்டிருக்கிறேன். குழு அடுத்த மாதம் கூடுகிறது. முதல் ஆங்கில மனுவை எழுதியவள் பிழை செய்துவிட்டாள் என்று அந்த இடத்தில் நீ குறிப்பிட வேண்டியிருந்தால், தயங்காமல் குறிப்பிடு. சிவப்பு மையிலேயே எழுது. எனக்கு ஆட்சேபம் இல்லை.

கையெழுத்துப் போட முடியாது என்றால், அதே இடத்தில் முடியாது என்று எழுதி அனுப்பு. பொன்னம்மா தினமும் காலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தம்பிகிட்டேருந்து தபால் வந்துச்சாம்மா?” என்று கேட்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும், அதை இந்தத் தடவை நான் மொழிபெயர்த்துச் சொல்லக்கூடாது. நீ எழுதியதை எழுதியபடியே அவளுக்குப் படித்துக் காட்டுவேன். உன் மாமனாரிடம் சொல்லி அனுப்பாதே. தொலைபேசி இருக்கும் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டனுப்பாதே. எதுவானாலும் உன் கையால் எழுதி, தபாலில் பதில் அனுப்பு.

அம்மா